கனிமரம் விறகாவதோ?

மரம் எது, புல் எது என்று வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். உள்ளே வயிரம் உடையது மரம். புறத்தே வயிரம் உடையது புல். மரபியலில் அவர் கூறும் இலக்கணத்தின் சாரம் இது. இக்கணக்கின்படி வானை முட்டி நிற்கும் பனை புல்லினத்தைச் சேர்ந்தது. முற்றத்தில் நிற்கும் மாவும் பலாவும் மரம். உயரத்தைக் கண்டு மயங்கியவர் இப்படிப் பிரித்திருக்க மாட்டார். அரிந்து உள்ளே பார்த்தவர்க்கே இந்த உண்மை புலப்படும். ஆதலின், அந்த இலக்கணத்தின் பின்னால் ஒரு தச்சனுடைய கண்ணும் இருந்தது என்று யான் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

வயிரத்துக்கு மறுதலை வெளிறு. மரத்தின் நடுவில் நிறம் முதிர்ந்து இறுகிய பகுதி வயிரம். அதனைச் சூழ்ந்து வெளுத்து, மென்மையாய், நீர் ஓடிக்கொண்டிருக்கும் பகுதி வெளிறு. இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அறியாமை என்பது அது. திருவள்ளுவர் அப்பொருளில் இதனை ஆண்டிருக்கிறார். வயிரம் இல்லாத மரமும் அறிவு முதிராத மனமும் ஒரே சொல்லில் அடங்கியது தமிழின் அழகு. இன்று நம் ஊர்களில் கனிமரங்களுக்கு நேர்வதைப் பார்க்கும்போது, அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. விழுந்த கனிமரத்தை நாம் விறகாக்குகிறோம். அது விறகாவதற்குக் காரணம் மரத்திலுள்ள வெளிறா, நம்மிலுள்ள வெளிறா? இதுவே என் கேள்வி.

ஊவா மாகாணத்தின் கிழக்கே விரிந்து கிடக்கும் மொனராகலை, பரப்பளவில் இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம். மலையடிவாரத்தில் இறப்பர்த் தோட்டங்கள். அப்பால் உலர்ந்த சமநிலம். இங்கே பலா உண்டு, மா உண்டு, புளி உண்டு, விளா உண்டு, நாவல் உண்டு. பிபிலைத் தோடையின் இனிமையை நாடு முழுவதும் அறியும். ஊர்ப் பெயர்களிலேயே கனிமரங்கள் குடியிருக்கின்றன. சியம்பலாண்டுவ என்ற பெயரில் இருக்கும் ‘சியம்பலா’, சிங்களத்தில் புளியைக் குறிக்கும். மலையேறும் வழியில் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த கொஸ்லந்தை இருக்கிறது. அப்பெயரின் ‘கொஸ்’ பலாவே.

ஐப்பசி கார்த்திகை மழையில் மண் இளகும்போது, முதிர்ந்த மரம் ஒன்றிரண்டு ஆண்டுதோறும் சாயும். மின்னல் தாக்கிப் பட்டுப்போவதும் உண்டு. வீடு கட்டவும் வீதி அகற்றவும் அனுமதியோடு தறிக்கப்படுவதும் உண்டு. அதன்பின் நடப்பதை எல்லோரும் அறிவோம். பலாவாயின் மரக்காலைக்காரர் வந்து ஒரு விலை சொல்வார். வீட்டுக்காரர் பேரம் பேச வகையறியாது கொடுத்துவிடுவார். மாவாயின், தோடையாயின், கொய்யாவாயின் விலை பேசவும் ஒருவரும் வரமாட்டார். இரண்டு முழத் துண்டுகளாக வெட்டி வேலியோரம் அடுக்குவார்கள். மழையில் பாதி உளுத்துப்போகும்; மீதி அடுப்புக்குப் போகும். மூன்று தலைமுறைக்குக் கனி கொடுத்த மரம் மூன்று மாதத்தில் சாம்பலாகிவிடும். சில கிழமைகளின் பின் அதே வீட்டுக்காரர் பட்டினத்துக்குச் சென்று, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையிலான மேசை ஒன்றைத் தவணைக்கு வாங்கி வருவார். அந்த மேசை இரண்டு மழைக்காலம் கண்டால் ஊதிப்போகும்.

இம்மரங்கள் விறகுக்கு மட்டும் உரியனவா? பலாவின் வயிரம் வெட்டிய அன்று மஞ்சள். ஆண்டுகள் செல்லச் செல்லப் பொன்னாகிப் பின் செம்பழுப்பாகும். கறையான் அதனை எளிதில் அணுகாது. வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் தவிலின் கூடும் பலாவில் பிறப்பவை. அதன் சீவலைக் கொதிக்கவைத்த சாயத்தில் பிக்குமாரின் சீவரம் தோய்ந்தது. புளியின் வயிரம் கரிய ஊதா கலந்த பழுப்பு. செக்குக்கும் உலக்கைக்கும் இறைச்சிக் கட்டைக்கும் அதனையே நம் முன்னோர் நாடினர். தோடையும் கொய்யாவும் பருமனில் சிறியவை. ஆயினும் நெருங்கிய இழையுடையவை. ஆயுதப் பிடிக்கும் கடைசல் வேலைக்கும் தக்கவை. நெல்லிக் கட்டையைக் கிணற்றின் அடியில் இட்டு நீரைத் தெளிவித்த வழக்கமும் தமிழர்க்கு உண்டு. இவற்றுள் மாவே மெல்லியது. அதுவும் உலர்த்தி மருந்திட்டால் அலமாரிக்கும் பெட்டிக்கும் போதும்.

மரத்தை வெட்டும்படி நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். கனிமரத்தின் முதற்பயன் கனியே. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைவுகளை எண்ணிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தர் முற்றுகையிட்ட மலையில் பலா ஓர் உணவுக் களஞ்சியமாக நின்றது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்றுமரம் என்கிறார்கள், பொருள் ஒன்றே. கனிமரம் அழிந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் பட்டறிந்திருக்கிறது. 1818 இல் ஊவா வெல்லசக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படை, வயலையும் கால்நடையையும் மட்டும் அழிக்கவில்லை, கனிமரங்களையும் அழித்தது. அந்த வெல்லச நாடே இன்றைய மொனராகலை. பின்னாளில் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்னும் பெரியவர், நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை முன்னின்று நடத்தி, ‘கொஸ் மாமா’ என்ற பெயரோடு மக்கள் மனத்தில் நிலைத்தார். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டமும் இவ்வெண்ணத்தின் வழி வந்ததே. பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கலாகாது. தம் வளவில் தாமே நட்ட பலாவாயினும் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அச்சட்டம் நல்ல சட்டம். அது நிலைக்க வேண்டும். நான் பேசுவது விழுந்த மரத்தைப் பற்றி. பட்ட மரத்தைப் பற்றி. முறைப்படி தறித்த மரத்தைப் பற்றி.

விறகு என்பது ஒரு மரத்தின் இயல்பன்று. அதன் பயனை அறியாதவர் அதற்கு இட்ட பெயர். இதற்குச் சான்று தேடித் தூரம் போகவேண்டாம். மொனராகலையின் தோட்டங்களில் நிற்கும் இறப்பரே போதும். பால் வற்றிய இறப்பர் மரத்தை நெடுங்காலம் அடுப்புக்கும் போறணைக்குமே அனுப்பினார்கள். அதன் உடம்பில் மாப்பொருள் மிகுதி. வெட்டிய சில நாளில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும். வண்டு துளைத்து மாவாக்கும். ‘இது மரமே அன்று’ என்று தச்சர் ஒதுக்கினர். பின்னர், வெட்டிய உடனே அரிந்து, வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. 1980 களில் மலேசியா அதே மரத்தில் தளபாடம் செய்து உலகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. மரம் மாறவில்லை. மனிதரின் அறிவு மாறியது. இறப்பருக்கு நேர்ந்த இந்த நல்வாழ்வு மாவுக்கும் தோடைக்கும் நேரக்கூடாதா?

இத்தொழிலின் நுட்பத்தை நான் நூலில் மட்டும் தேடவில்லை. தோட்டத்து ஆசாரி ஒருவரிடமும் கேட்டேன். யாழ்ப்பாணத்தார் ஓடாவி என்பவரை மலையகத்தார் ஆசாரி என்பர். எழுபதைத் தாண்டிய அப்பெரியவர் சொன்னார்: “ஐயா, மரம் விழுந்த அன்னிக்கே சாகுறதில்ல. உள்ள இருக்கிற தண்ணி போற வரைக்கும் அதுக்கு உசிரு இருக்கு. நாம அவசரப்படுத்துனா வாயப் பொளந்துரும்.” விஞ்ஞானிகள் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. பச்சை மரத்தின் நீரில் ஒரு பகுதி நுண்குழாய்களுள் தளும்பி நிற்கும்; மற்றொரு பகுதி அவற்றின் சுவரில் ஊறியிருக்கும். தளும்பும் நீர் போகும்வரை மரம் சுருங்காது. ஈரம் நூற்றுக்கு 30 அளவுக்குக் கீழே இறங்கிச் சுவர் நீரும் வெளியேறத் தொடங்கும்போதே சுருக்கம் தொடங்கும். அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றன்று. வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனாலேதான் உருட்டுக் கட்டையை அப்படியே போட்டுவைத்தால் அது வெடிக்கிறது. கனிமரங்களோ பெரும்பாலும் குட்டையாய், கிளைத்து, முறுக்கிய நாருடையவை. நெடிய காட்டு மரத்தைவிட இவை வெடிப்பதற்கும் கோணுவதற்கும் விரைபவை.

ஆகவே முதல் விதி, விழுந்த மரத்தைக் காத்திருக்க விடாமை. கிளை கழித்த அன்றே வெட்டுவாய்கள் இரண்டையும் மெழுகாலோ பழைய தீந்தையாலோ தடித்துப் பூசிவிடவேண்டும். மரத்தின் நீர் பக்கத்தைவிட முனைவழியே மிக விரைந்து ஓடும். அவ்வழியை அடைத்தால் முனை வெடிப்புக் குறையும். அடுத்தது அரிதல். முன்னாளில் இருவர் நின்று அரிந்தனர். ஒருவர் மேடையின் மேலே, ஒருவர் கீழே, நடுவே நீண்ட வாள். கரி தோய்த்த நூலை இழுத்துக் கோடு அடித்து, அக்கோடு பிறழாமல் நாள் முழுவதும் இழுப்பர். இன்று சங்கிலி வாளோடு வழிகாட்டும் சட்டத்தைப் பொருத்தி வளவிலேயே பலகை அரிகிறார்கள். அது பயிற்சியுள்ளவர் செய்யவேண்டிய வேலை; விளையாட்டன்று. எவ்வாறு அரிந்தாலும், நட்ட நடுவிலுள்ள மெல்லிய சோறு ஒரு பலகைக்குள் முழுதாக அகப்படாதவாறு பிளந்துவிடவேண்டும். அகப்பட்டால் அப்பலகை வெடிப்பது உறுதி. ஓர் அங்குலப் பலகை வேண்டுவோர் சற்றுத் தடிப்பாகவே அரியவேண்டும். சுருக்கமும் சீவுளியும் தத்தம் பங்கைக் கேட்கும்.

பின்னர் அடுக்குதல். நிலத்திலிருந்து ஓரடியேனும் உயர்ந்த சமமான தாங்கிகள் வேண்டும். தாங்கி கோணினால் பலகையும் கோணியே உலரும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலச் சட்டங்களை ஒன்றரை அடி இடைவெளியில் வைத்து, மேலுள்ள சட்டம் கீழுள்ள சட்டத்துக்கு நேரே நிற்கும்படி அடுக்கவேண்டும். உச்சியில் பாரமான கற்கள். மேலே தகரமோ கிடுகோ, நாற்புறமும் திறப்பு. வெயில் படலாகாது, மழை படலாகாது, காற்று மட்டும் புகவேண்டும். மாவுக்கும், எல்லா மரத்தின் வெளிறுக்கும், அரிந்த உடனேயே வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசினால் வண்டுக்கு அங்கே உணவில்லை.

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது குளிர்நாட்டார் வைத்த கணக்கு. நம் நாட்டில் அத்தனை காலம் வேண்டியதில்லை. ஆயினும் மொனராகலையில் ஒரு விழிப்பு வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை மலையைக் கடந்து இறங்கும் காற்று ஈரமற்றது; வெப்பமானது. புதிதாக அரிந்த பலகையை அக்காற்றின் முன் நிறுத்தினால், புறம் உலர்ந்து இறுக, அகம் ஈரமாகவே நின்று, மரம் பிளந்துவிடும். அம்மாதங்களில் காற்று வரும் பக்கத்தில் சாக்கோ கிடுகோ தொங்கவிட்டு வேகத்தைத் தணிக்கவேண்டும். மாரியில் அரிந்த பலகைக்கு இத்தொல்லை குறைவு; அதற்குப் பூஞ்சணமே பகை. காய்ந்தது எப்போது என்று அறியத் தராசு போதும். நடுப்பலகை ஒன்றை மாதந்தோறும் நிறுத்து எழுதிவந்தால், நிறை குறையாமல் நிற்கும் காலம் வரும். அதற்குமேல் காற்று உலர்த்தாது. அதன்பின் வீட்டுக்குள் சில கிழமை வைத்தே உளி தொடவேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஆலைக்கு ஏற்றிவிட்டால் ஆகாதா என்பர் சிலர். ஆலைக்கு ஏற்றுவதும் நன்றே. அதற்குரிய அனுமதியைப் பெற்று ஏற்றுக. ஆனால் ஒரேயொரு மாமரத்துக்காக ஆலையின் வாள் நிற்பதில்லை. ஏற்றுகூலியே மரத்தின் விலையை விழுங்கிவிடும். பலகைக்கு மதிப்பு வந்தால் பசுமரத்துக்கும் ஆபத்து வரும் என்பர் வேறு சிலர். இத்தடையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆசை வந்தால் கோடரியும் வரும். அதனாலேயே சட்டம் இறுக நிற்கவேண்டும் என்றேன். ஆயினும் ஒன்று சொல்வேன். மாதக்கணக்கில் ஒரு பலகையை நிறுத்து நிறுத்துப் பார்த்தவனுக்கு, அந்த மரம் அவ்வளவு தடிக்க எத்தனை ஆண்டு சென்றது என்பதும் தெரிந்திருக்கும். மரத்தின் விலையை மட்டும் அறிந்தவனைவிட, அதன் காலத்தை அறிந்தவன் நிதானமுள்ளவனாவான்.

இத்தடைகளைவிட வலிய தடை ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. மரம் உலரக் காலம் வேண்டும். காலம் கழிய இடம் வேண்டும். அந்த இடம் தனக்கே உரியது என்ற உறுதி வேண்டும். ஊவாவின் தோட்டங்களில் வாழும் நம்மவருக்கு இந்த மூன்றாவது இல்லை. லயத்தின் பின்னால் பலாக்கொட்டையை ஊன்றியவள் தோட்டத்துத் தாய். மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது பழமொழி. அவளே வைத்தாள், அவளே வார்த்தாள். பலா காய்த்தது, பஞ்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறாயிற்று. அது விழுந்த அன்று, காணி தோட்டத்தினது, ஆகவே மரமும் தோட்டத்தினது என்றார்கள். அவள் கைக்கு எஞ்சியது கிளை விறகு. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கை மாறியபோதெல்லாம் காணி மாறியது. லயத்தின் பின்னால் நின்ற பலாவின் உரிமை மட்டும் அவளிடம் வரவில்லை.

கணக்கொன்று பார்ப்போம். எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட ஒரு பலகை அடுக்குக்கு 24 சதுர அடி வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையின் பரப்பு 120 சதுர அடி. தாயும் தந்தையும் பிள்ளைகளும் உறங்கும் அறையில் ஐந்தில் ஒரு பங்கை யார் பலகைக்குக் கொடுப்பார்? அதே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி சொந்தமாயின், அதன் பரப்பு ஏறக்குறைய 1,900 சதுர அடி. அடுக்குக்கு வேண்டியது எண்பதில் ஒரு பங்கு. லயத்தாருக்குப் பொறுமை இல்லை, உடனே விற்றுத் தின்றுவிடுவர் என்று பேசுவோர் இக்கணக்கைப் பார்க்கவேண்டும். பொறுமைக்கும் நிற்க ஓரிடம் தேவை.

கொஸ்லந்தையின் பெயரில் பலா இருப்பதை முன்னர்ச் சொன்னேன். அங்கே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29 இல் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன்பின்னரே தோட்ட மக்களுக்குத் தனிவீடும் காணியும் என்ற பேச்சு வேகம் கொண்டது. வீடுகள் சில எழுந்தன. உறுதிகள் சில கைக்கு வந்தன. இந்தியாவிலிருந்து இம்மக்களின் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டு வாழ்ந்த மண்ணில், விழுந்த மரத்தை உலரவைக்க ஓர் இடம் கேட்பது மிகையான கேள்வியா? காணிக் கொள்கை வகுப்போர் வீட்டின் சதுர அடியை மட்டும் எண்ணாமல், வீட்டைச் சூழ்ந்த வளவையும் எண்ணவேண்டும். அதுவரை, தோட்டந்தோறும் பொதுவான கொட்டில் ஒன்றேனும் அமைத்து, குடியிருப்பாளர் நட்ட மரம் விழுந்தால் அதன் பலகையை அவர்க்கே விட்டுக்கொடுக்கத் தோட்ட நிருவாகங்கள் இணங்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இது தச்சர் காரியம், நமக்கென்ன என்று ஒதுங்கவேண்டாம். வயிரம், வெளிறு, வெட்டுவாய், சீவுளி, கொட்டாப்புளி ஆகிய சொற்களை மாணவரிடம் கேட்டுப்பாருங்கள். மேல்வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். வயிரம் என்றால் நகைக்கடை என்றார்கள். பிழை அவர்களுடையதன்று. பொருளைக் கண்ணால் காணாதவர்க்குச் சொல் எங்ஙனம் தங்கும்? பள்ளி வளவில் அடுத்த மரம் விழும்போது, குத்தகைக்காரருக்கு ஆள் அனுப்புமுன் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அனுமதி பெற்று, ஆசாரி ஒருவரை அழைத்துப் பலகை அரிவியுங்கள். மாதந்தோறும் பலகையை நிறுப்பதைக் கணித ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நீர் போகும் வழியை விஞ்ஞான ஆசிரியர் விளக்குவார். ஆசாரியின் வாயிலிருந்து வரும் சொற்களைத் தமிழாசிரியர் எழுதிவைப்பார். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் மொனராகலையிலும் அச்சொற்களை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சொற்களும் போய்விடுமுன் குறிப்புப் புத்தகத்தோடு சென்று அமருங்கள்.

ஓராண்டு கழித்து அப்பலகையில் பள்ளி நூலகத்துக்கு ஒரு வாங்கு செய்யுங்கள். மரத்தின் பெயரையும், அது விழுந்த நாளையும், தெரிந்தால் நட்டவர் பெயரையும் அதில் வெட்டிவையுங்கள். அதில் அமர்ந்து தொல்காப்பியம் படிக்கும் மாணவனுக்கு மரபியலின் அந்தச் சூத்திரத்தை நாம் விளக்கவேண்டிய தேவை இராது.